முதலில் கரைய வேண்டியது வாய்க்கொழுப்பு

(கூமாப்பட்டியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: அளவு மீறிய உடல் பருமன் அவரவர் செய்த குற்றமா? கவனிக்க வேண்டிய நோயா? ‘கவனிக்க வேண்டிய நோயே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

நல்ல தீர்ப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் அமர்ந்திருக்கும் நடுவர் அவர்களே! இவ்வளவு நேரமாக எங்கள் அணியை எண்ணெய் இல்லாமலே வறுத்தெடுத்த எதிரணி நண்பர்களே! காலையில் வயலுக்கும் தோப்புக்கும் போய்விட்டு, மாலையில் இங்கே வந்து அமர்ந்திருக்கும் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே! அந்தத் தட்டை மட்டும் கொஞ்சம் கீழே வையுங்க. உங்களுக்காகத்தான் பேச வந்திருக்கேன். (சிரிப்பு)

இந்தக் கூமாப்பட்டியை 2025-ஆம் வருஷம் ஊர் உலகமெல்லாம் கைப்பேசியில் பார்த்தது. மேற்கே மலை, மலையடியில் பிளவக்கல் அணை, பச்சைப் பசேல்னு தென்னந்தோப்பு. “அடடா, எப்பேர்ப்பட்ட ஊர்!”னு லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க. எப்படிப் பார்த்தாங்க? கட்டில்ல படுத்துக்கிட்டே பார்த்தாங்க! (சிரிப்பு) நம்ம தாத்தா நடந்தே போய்ப் பார்த்த மலையைப் பேரன் கட்டை விரலாலேயே ஏறி இறங்கிடுறான். இன்றைய தலைப்பின் பாதி விஷயம் இதிலேயே இருக்கிறது, நடுவர் அவர்களே.

எதிரணித் தலைவர் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். “ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்து அவன் வாயில போட்டது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா? அவன் கைதானே போட்டுச்சு? அப்ப அவன்தானே குற்றவாளி?” நீங்களும் கை தட்டினீர்கள். அண்ணாச்சி, அந்தப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்துப் பாராட்டினது அரசாங்கம். தின்னது குற்றம்னா, சான்றிதழ் கொடுத்தவங்களும் உடந்தைதானே? (கைதட்டல்)

வேடிக்கை போகட்டும். நான் இன்றைக்கு ஒரு வக்கீலைப்போல வாதாட வரவில்லை. குற்றம் செய்தவனாக ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

எனக்கு மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார்கள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது என் பெரியக்கா. நாற்பது வயதைத் தாண்டும்போது அக்காவின் எடை 118 கிலோ. நான் மேடைப் பேச்சாளன் ஆனேன். மேடைக்கு நகைச்சுவை வேணுமே? எங்கே போய்த் தேடுவது? வீட்டிலேயே இருந்தது. “எங்க அக்கா ஏறினா பஸ்ஸு ஒரு பக்கம் சாயும். எங்க அக்கா குறட்டை விட்டா, ரைஸ் மில் ஓடுதுன்னு நெல்லு மூட்டையோட வந்து நிக்கிறாங்க.” கூட்டம் சிரிக்கும். ஒருநாள் அக்காவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் என் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

என்னைச் சுமந்த உடம்பைச் சுமை என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவன் நான்.

முட்டி வலிக்கிறது என்று ஒரு மருத்துவமனைக்குப் போனாள். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “முதல்ல வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அவமானப்பட்டவள், அடுத்த நான்கு வருஷம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. பகலில் உட்கார்ந்தால் தூங்குவாள். “தின்னுட்டு தின்னுட்டு தூங்குறா”ன்னு உறவுக்காரர்கள் பேசினார்கள். ஒருநாள் அடுப்பு எரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிச் சாய்ந்து, கை வெந்துபோனது. அந்தக் காயத்துக்கு மருந்து போட வந்த ஒரு டாக்டரம்மாதான் முதன்முதலாகக் கேட்டார்கள்: “ராத்திரி நல்லாத் தூங்குறீங்களாம்மா?”

அதற்கென்று ஒரு பரிசோதனை இருக்கிறது. இரவு முழுக்கத் தூக்கத்தைக் கருவி வைத்து அளப்பது. அளந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் என் அக்காவுக்கு மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது! கழுத்திலும் தொண்டையிலும் கொழுப்பு சேர்ந்தால், படுக்கும்போது மூச்சுக் குழாய் அடைபடும். மூளை திடுக்கிட்டு எழுப்பும். மறுபடி தூங்கும், மறுபடி அடைபடும். ரத்த அழுத்தம் ஏறும், இருதயம் களைத்துப் போகும். நான் ரைஸ் மில் என்று சொன்னேனே, அது ஒரு மனுஷி மூச்சுக்குத் தவிக்கிற சத்தம், ஐயா. (அமைதி)

இப்ப சொல்லுங்க, குற்றவாளி யாரு? அவளா? நானா?

சரி, உணர்ச்சியை விடு, சான்று காட்டு என்பார் நடுவர். காட்டுகிறேன்.

1994-இல் அமெரிக்காவில், நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பின் கொழுப்பு சும்மா தொங்குகிற சதை அல்ல; அது ஒரு சுரப்பியும்கூட. ‘லெப்டின்’ என்ற ஒரு பொருளைச் சுரந்து, “கையிருப்பு போதும்ப்பா, பசியைக் குறை” என்று மூளைக்குத் தபால் போடுகிறது. மூன்று வருஷம் கழித்து, 1997-இல், இங்கிலாந்தில் இரண்டு குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரு பெண் குழந்தைக்கு எட்டு வயது, 86 கிலோ. இன்னொன்று ஆண் குழந்தை, இரண்டே வயது, 29 கிலோ. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. அந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே லெப்டின் இல்லை. தபால் போடும் ஆளே இல்லை! பிறகு லெப்டினை ஊசியாகப் போட்டபோது, பசி அடங்கியது, எடை இறங்கியது.

அண்ணாச்சி, அந்த இரண்டு வயசுக் குழந்தை என்ன குற்றம் செஞ்சுச்சு? திருட்டுக்கு ஊசி உண்டா? பொய் சொல்றதுக்கு ஊசி உண்டா? ஊசி போட்டுக் குறைகிறது என்றால் அது நோய்தானே! (கைதட்டல்)

“அது கோடியில ஒருத்தருக்கு வர்றது, எங்க ஊரு குண்டனுக்கு என்ன?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம். எல்லாருக்கும் அப்படி இல்லை. ஆனால், எல்லாருடைய பசிக்கும் ஒரு கணக்குப்பிள்ளை மூளைக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஒருவனுக்கு அவன் கெட்டிக்காரன், இன்னொருவனுக்குத் தூங்குமூஞ்சி. இதில் பெரும்பங்கு அப்பன் ஆத்தா கொடுத்த வழி.

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவில் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆளுக்குச் சராசரி 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பவும் போட்டிருந்தார்கள். ஏன்? வேகமாக மெலிந்த உடம்பு “பஞ்சம் வந்துடுச்சு”ன்னு பயந்துபோய், செலவைச் சுருக்கிக்கொண்டது. ஆறு வருஷம் ஆன பிறகும் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. உழைத்துச் சம்பாதித்ததை உடம்பே பிடுங்கிக் கொள்கிறது. அந்த மனிதனைப் பார்த்து “உனக்கு வைராக்கியம் இல்லை” என்று நாம் சொல்கிறோம்!

அடுத்து நம்ம கதை. இந்த விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. பசி தெரிந்த மாவட்டம். அதனால்தான் இங்கே பிறந்த காமராசர், 1956-இல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. பசியை விரட்டின பெருமை நமக்கு உண்டு. ஆனால் அந்தப் பழைய பசி போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தாய் அரை வயிறாக இருந்தால், வயிற்றுப் பிள்ளை “வெளியே பஞ்சம்தான்”னு நினைத்துச் சேமிக்கப் பழகிவிடுகிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். நம் நாட்டுக் குழந்தை எடையில் குறைவு. ஆனால் கொழுப்பு மட்டும் குறையவில்லை. மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. அந்தப் பிள்ளை வளர்ந்து, திடீர்னு வசதி வந்து, விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பஞ்சத்துக்குக் கட்டின கிட்டங்கியில் வெள்ளம் புகுந்த கதைதான்!

கணக்கு சொல்கிறேன். மத்திய அரசின் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் நூற்றுக்கு 31 பேர் எடை கூடியவர்கள். 2019-21-இல் 40 பேர். ஆண்கள் 28-லிருந்து 37. நடுவர் அவர்களே, நாலைந்து வருஷத்தில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத் திடீரென்று ஒழுக்கம் கெட்டுவிட்டதா? ஊரோடு சேர்ந்து சோம்பேறி ஆகிவிட்டார்களா? மனுஷன் மாறவில்லை, அவனைச் சுற்றி எல்லாம் மாறிவிட்டது. நடவுக்கு எந்திரம், அரைக்க எந்திரம், துவைக்க எந்திரம், தெருமுனைக் கடைக்கு மோட்டார் பைக். 300 மில்லி குளிர்பானத்தில் சுமார் 30 கிராம் சீனி, அதாவது ஆறு சின்னக் கரண்டி. காபியில் ஆறு கரண்டி போட்டுக் கொடுத்தால் மருமகளைத் திட்டுவோம். பாட்டிலில் போட்டுக் கொடுத்தால் காசு கொடுத்துக் குடிப்போம்! (சிரிப்பு)

எதிரணி அம்மா வள்ளுவரைக் கூட்டி வந்தார்கள். ‘மருந்து’ அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்த பிறகு உண்டால் மருந்தே வேண்டாம் என்கிறாரே என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். வருமுன் காக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வள்ளுவர் அதோடு அதிகாரத்தை முடித்துவிடவில்லையே அம்மா! நோய் இன்னதென்று ஆராய், அதன் காரணத்தை ஆராய், தணிக்கும் வழியை ஆராய், பிறகு செய் என்கிறார். திட்டு என்று சொல்லவில்லை! கடைசியாக ஒன்று சொல்கிறார்: மருத்துவத்துக்கு நான்கு பேர் வேண்டும். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக் கொள்பவன். என் அக்கா விஷயத்தில் நோயாளி இருந்தாள், மருத்துவர்கள் இருந்தார்கள், மருந்தும் இருந்தது. அந்த நாலாவது ஆள்தான் மேடையில் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான்.

சரி, நாலாவது ஆளாக நாம் என்ன செய்யலாம்? வீட்டில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. தையற்காரர் டேப் போதும். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடைக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு, இந்தியர் கணக்கில் 59 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. 64-ஐத் தொட்டால் பருமன். 90-ஐ நெருங்கிவிட்டால் அது கடுமையான பருமன். தானாகச் சரியாகும் என்று விடக்கூடாது. பகல் தூக்கம், பலத்த குறட்டை, முட்டி வலி, மாதவிலக்குக் கோளாறு, கழுத்தில் கறுப்புப் படிவது, இதெல்லாம் உடம்பு அடிக்கிற மணி. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஈரல் கொழுப்பு பார்க்க வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார். வரும்போது ஒளிந்துகொள்ளாதீர்கள்!

அடுத்து வைத்தியம். “முப்பது கிலோ குறைச்சாத்தான் ஆச்சு”ன்னு மலைக்க வேண்டாம். நூறு கிலோ உள்ளவர் ஐந்திலிருந்து பத்து கிலோ குறைத்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கும். சோற்றைப் பாதியாக்கி, காயையும் பயறையும் கூட்டுவது, நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது, இதுதான் அஸ்திவாரம். இதில் அடங்காதவர்களுக்கு மருந்து இருக்கிறது. வாரம் ஒரு முறை போடும் ஊசிகள் 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. “வயிறு நிறைந்தது” என்று குடல் மூளைக்குச் சொல்லும் சேதியை அவை சொல்கின்றன. ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். டாக்டர் சொல்லாமல், பக்கத்து வீட்டு மாமி போட்டாங்கன்னு போடுகிற சமாச்சாரம் அல்ல.

அதையும் தாண்டியவர்களுக்கு அறுவை சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிடுவது ஒரு முறை. அளவு சுருங்குவதோடு, பசியைத் தூண்டும் சுரப்பும் குறைகிறது. சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி, இப்படிப்பட்ட அறுவை செய்துகொண்ட இரண்டாயிரம் பேருக்கு மேல், செய்யாதவர்களோடு ஒப்பிட்டுப் பல வருஷம் கவனித்தார்கள். செய்துகொண்டவர்களில் சாவு குறைவு என்று 2007-இல் எழுதினார்கள். ஆனாலும் ஆபத்தே இல்லாத அறுவை என்று ஒன்று கிடையாது. “பத்தே நாளில் பாதி உடம்பு” என்று சுவரொட்டி ஒட்டுகிற இடத்துக்குப் போகாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே பார்த்தாரா, பின்னால் வருஷக்கணக்கில் கவனிப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, வரும்முன் காப்பது. அது பிள்ளைகளிடம் தொடங்குகிறது. குழந்தை அழுதால் தின்பண்டப் பொட்டலம், மார்க் வாங்கினால் ஐஸ்கிரீம், சாப்பிட மறுத்தால் கைப்பேசி. பாசத்தைக் காட்ட நமக்குத் தின்பதைத் தவிர வேறு வழியே தெரியவில்லையா? பிள்ளை நாளுக்கு ஒரு மணி நேரம் வியர்க்க ஓடி விளையாட வேண்டும். கொழுப்பு, சீனி, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-இல் விதியே வந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று அளந்து பாருங்கள். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும். கூமாப்பட்டிக்காரர்களுக்கு நடக்க இடமா இல்லை? அணைக்கரை இருக்கிறது. தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுகிற மலைப்பாதை இருக்கிறது. கடவுள் நமக்குக் கட்டணம் இல்லாத உடற்பயிற்சிக் கூடத்தை மலையடியில் கட்டி வைத்திருக்கிறார்.

நடுவர் மணி அடிக்கப் பார்க்கிறார். முடிக்கிறேன், ஐயா.

மனுஷனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளி மாத்திரை போட வேண்டியது அவர் பொறுப்பு. அதற்காகச் சர்க்கரை நோயைக் குற்றம் என்போமா? உடம்பில் கொழுப்பு உள்ளவனைக் காட்டிலும், அவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் வாயில் கொழுப்பு அதிகம். முதலில் கரைய வேண்டியது அந்த வாய்க்கொழுப்பு! அது கரைந்தால்தான் அவன் கூச்சமில்லாமல் டாக்டரிடம் போவான். இது கரைந்தால் அது கரையும்! (பலத்த கைதட்டல்)

என் அக்கா இரவில் முகமூடிக் கருவி வைத்துத் தூங்கினாள். உணவை மாற்றினாள். பிறகு அறுவை செய்துகொண்டாள். ஒன்றரை வருஷத்தில் 82 கிலோ. இன்னும் கணக்குப்படி பருமன்தான். வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை உண்டு. ஆனால் இரவு முழுக்க மூச்சு நிற்காமல் தூங்குகிறாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்தே வருகிறாள்.

இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். “நீ என்ன பேசப்போறேன்னு முதல்ல டிவியில பார்க்கிறேன்டா தம்பி. நல்லாப் பேசியிருந்தா அடுத்த கூட்டத்துக்கு வர்றேன்” என்றாள்.

அக்கா, பார்த்துக்கிட்டு இருப்பே. முன்வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்றேன். வந்துடு.

நடுவர் அவர்களே, அந்த நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டு, ‘கவனிக்க வேண்டிய நோயே’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என வேண்டி அமர்கிறேன்.